மானுக்குப் போட்ட பிஸ்கட்டும் நான் சொன்ன பொய்யும்

 

போன வாரம் நம்ம பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்ததே, பார்த்திருப்பீர்கள். முதுமலைப் பக்கம் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு சின்னப் பிள்ளை புள்ளிமானுக்கு பிஸ்கட் நீட்டுகிறது. மான் வந்து வாங்கித் தின்கிறது. பிள்ளையின் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மனசு குளிரும். கீழே அதன் அப்பா, என் மாணவன், எழுதியிருந்தான்: "சார் அன்னைக்குச் சொல்லிக்கொடுத்ததை என் மகளுக்கும் பழக்குறேன்." நீங்கள் பலரும் கைகூப்பிப் பாராட்டியிருந்தீர்கள். நானும் யோசிக்காமல் ஒரு லைக் போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2006-ஆம் வருஷம், பங்குனி வெயில். நம்ம இருக்கன்குடி உங்களுக்குத் தெரிந்ததுதான். வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் சேர்கிற இடத்தில் மாரியம்மன் கோயில், சுற்றிலும் கரிசல், ஆற்றோரம் முழுக்கச் சீமைக்கருவேல். அந்த முள்ளுக்காட்டுக்குள்தான் புள்ளிமான்கள் கிடக்கும். அந்த வருஷம் தண்ணீர் வற்றியதும் ஒரு பெட்டை மான் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பழைய பேசினில் தண்ணீர் வைத்தேன். குடித்துவிட்டுப் போனது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் மிச்சச் சோற்றைப் போட்டேன். மறுநாள் ஒரு பிடி அரிசி. பிறகு வகுப்பிலே பெருமையாகச் சொன்னேன். வாயில்லா ஜீவனுக்கு ஒரு கை உணவு போடுவது பெரிய புண்ணியம் என்று அரைமணி நேரம் பேசினேன். உங்களுக்குக் கேட்கவா வேண்டும்! சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் என் வீட்டுக் கொல்லையில் திருவிழாதான். பிஸ்கட், ரொட்டி, பொரிகடலை, ஒருத்தன் சாத்தூர்ச் சேவுகூடக் கொண்டுவந்தான். பத்து நாளில் மான் கைக்கு வந்துவிட்டது. நான் அதற்குப் பேர்கூட வைத்தேன்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். "வாத்தியாரய்யா, அரிசி மூட்டையில வாய் வச்ச ஆடு வயிறு ஊதிச் சாகுறதப் பார்த்ததில்லையா? ஆட்டுக்கு ஆகாதது மானுக்கு மட்டும் ஆகுமா?" என்றார். நான் சிரித்தேன். படித்தவன் அல்லவா!

சித்திரை பிறந்து சில நாள். விடியக்காலம் நாய்ச் சத்தம் கேட்டு ஓடினேன். புளியமரத்தடியில் மானை நாலைந்து தெருநாய்கள் சுற்றி நின்றன. விரட்டிவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. வனத்துறைக்காரர்கள் வந்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து அங்கேயே வயிற்றை அறுத்துப் பார்த்தார். செரிக்காத சோறும் அரிசியும் புளித்துப்போய்க் கிடந்தன. அவற்றோடு பிஸ்கட் கவர்களும் பாலித்தீன் பையும் சுருண்டு கிடந்தன. "நாய் கடிச்சதுதான் சார் கடைசிக் காரணம். ஆனா வயிறு இப்படி இருந்தா எந்த மானும் ஓட முடியாது" என்றார்.

அன்று சாயங்காலம் நீங்கள் எல்லாரும் அழுதுகொண்டு நின்றீர்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்: "சார், நாம போட்டதாலயா செத்துப்போச்சு?"

நான் சொன்னேன்: "இல்லம்மா, நாய் கடிச்சதால."

அந்தப் பிள்ளை இன்று இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இந்தப் பதிவையும் படிப்பாள். அம்மா, நீ கேட்டது சரி. நாம் போட்டதால்தான். அதிலும் நீங்கள் இல்லை, நான். சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

இனி பாடத்தைத் திருத்துகிறேன். ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ஆசிரியர்தான் திருத்த வேண்டும்.

மான் அசைபோடும் பிராணி. ஆடு மாடு மாதிரி அதற்கும் நாலு அறை இரைப்பை. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து, தழையையும் புல்லையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. திடீரென்று சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று மாவுச்சத்து போய் விழுந்தால் அது மளமளவென்று புளித்து அமிலமாகும். நல்லது செய்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வயிறு ஊதும். வயிறு நிறைய உணவு இருந்தும் மான் சாகும். அமெரிக்காவில் இருக்கும் நம்ம பிள்ளைகள் கவனிக்க: அங்கே பனிக்காலத்தில் இரக்கப்பட்டுச் சோளம் கொட்டுவதாலும் மான்கள் இப்படியே சாகின்றன. ஒரே இடத்தில் கூட்டம் சேர்ந்தால் நோய் பரவும் என்று அங்கே பல மாநிலங்களில் மானுக்கு உணவு போடுவதற்குத் தடையே உண்டு.

ஜப்பானில் நாரா என்று ஒரு ஊர். அங்கே மான்களுக்கென்றே தவிட்டிலும் மாவிலும் சர்க்கரை இல்லாமல் அப்பளம் மாதிரி ஒன்று செய்து விற்கிறார்கள். அவ்வளவு கவனமாக இருந்தும், 2019 மார்ச்சுக்குப் பிறகு சில மாதங்களில் இறந்த 14 மான்களில் 9 மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒரு மானின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ. சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டிய பகுதிகளிலும் பிளாஸ்டிக் தின்று மான்கள் இறந்திருக்கின்றன. உணவு வாசம் ஒட்டிய பை மானுக்கு உணவுதான்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. மானுக்குக் கொம்பைவிட, காலைவிடப் பெரிய காவல் அதன் பயம். கையில் தின்னப் பழகிய மானுக்கு அந்தப் பயம் போய்விடும். பிறகு அது ரோட்டுக்கு வரும், லாரியில் அடிபடும். ஊருக்குள் வரும், நாய்க்கு இரையாகும். பக்கத்துப் புஞ்சைக்குள் இறங்கி மக்காச்சோளத்தையும் பாசிப்பயறையும் மேயும். கடன் வாங்கி விதைத்த சம்சாரிக்கு மான்மேல் கோபம் வரத்தானே செய்யும்? நம்ம புண்ணியத்துக்கு அவர் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

அப்படியானால் கண்முன் தாகத்தில் வாடும் மானுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

தண்ணீர் வைக்கலாம். வனத்துறையைக் கேட்டுக்கொண்டு, ஊரையும் ரோட்டையும் விட்டுத் தள்ளி, ஆழமில்லாத சிமெண்ட் தொட்டியாக வையுங்கள். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். குட்டியோ அணிலோ விழுந்தால் ஏறி வர வேண்டும். வாரம் ஒருமுறை கழுவுங்கள். வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

உணவு போட வேண்டாம். புல், கருவேல நெற்று, இலந்தைப் பழம் என்று அதன் உணவு காட்டிலேயே இருக்கிறது. அதை அழியாமல் விட்டாலே போதும். கடும் பஞ்சத்தில் தீவனம் தேவையா என்று வனத்துறை முடிவு செய்யட்டும்.

புஞ்சையில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் சுவர் எடுங்கள். முடியாவிட்டால் முள்ளாவது அடையுங்கள். ராத்திரி விரட்டப்படும் மானுக்குக் கிணறு தெரியாது.

குட்டி தனியாகக் கிடந்தால் தூக்கி வராதீர்கள். தாய் மறைத்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், திரும்பி வரும். அடிபட்ட மானைக் கூட்டமாகப் போய்ப் பிடிக்காதீர்கள். பயத்திலேயே உயிர் போய்விடும். நாய்களை விலக்கிவிட்டு, சத்தம் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்கு நாங்கள் வருஷா வருஷம் மோரும் சுண்டலும் கொடுப்போம். இப்போது பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது, மந்தாரை இலைத் தொன்னையும் எவர்சில்வர் டம்ளரும்தான். கூட்டம் போனபிறகு சாக்கை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் பொறுக்கப் போவோம். போன வருஷம் நம்ம பழைய மாணவர்கள் ஆறு பேர் வந்தீர்கள். இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் பேர் வாருங்கள்.

வீடியோ போட்ட என் மாணவனுக்கு: உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. நீ என் பாடத்தை மறக்கவில்லை, அவ்வளவுதான். என் லைக்கை எடுத்துவிட்டேன். உன் மகளிடம் தாத்தா சொன்னதாகச் சொல்: மானைத் தூரத்தில் இருந்து பார்த்தாலும் அழகுதான். அது நம்மைக் கண்டதும் ஓடினால் வருத்தப்படக் கூடாது. ஓடுகிறவரைக்கும் அது பிழைத்துக்கொள்ளும்.

எல்லாரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
இருக்கன்குடி