ஏழெட்டு ஐம்பத்தாறு

ஜூலை 3
பெருக்கல் என்பது ஒரே அளவான குழுக்களைச் சேர்த்து எண்ணுவது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இதை வாயால் விளக்குவதைவிடத் தரையில் பரப்பிக் காட்டுவது எளிது. புளியங்கொட்டைகளை வரிசைக்கு நான்காக மூன்று வரிசை வைத்தால் பன்னிரண்டு. குழந்தை பக்கவாட்டில் வந்து உட்கார்ந்து பார்த்தால், அதே கொட்டைகள் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை. கொட்டையை யாரும் தொடவில்லை, விடையும் மாறவில்லை. இதைக் கண்ணால் கண்டுகொண்ட குழந்தைக்கு மனப்பாடச் சுமையில் ஏறக்குறையப் பாதி அப்போதே இறங்கிவிடுகிறது. பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள் உண்டு; இடம் மாறி வருபவற்றை ஒன்றாகக் கொண்டால் 55 மட்டுமே.

ஜூலை 8
நோட்டின் பின்னட்டையில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும் வரிசையிலேயே படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டும் பத்தும் முதலில் வரட்டும். அடுத்து ஐந்து. அதன் விடைகள் 5-இலோ 0-இலோதான் முடியும்; கடிகாரத்தின் நிமிட முள்ளும் ஐந்தைந்தாகவே எண்ண வைக்கிறது.

ஜூலை 15
ஒன்பதாம் வாய்ப்பாடு பெரியதாகத் தோன்றினாலும் மிக எளிது. 18, 27, 36, 45 என எந்த விடையிலும் இரண்டு இலக்கங்களைக் கூட்டினால் 9. நான்கொன்பது எவ்வளவு? உள்ளங்கை தன்னைப் பார்க்கப் பத்து விரல்களையும் விரித்து, இடமிருந்து நான்காவது விரலை மடக்கினால், அதற்கு இடப்புறம் 3 விரல், வலப்புறம் 6 விரல். விடை 36. பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்தாலும் இதே விடை வரும்: 40-இல் 4 போக 36. விரல் வித்தை குழந்தையை ஈர்க்கும். ஆனால் காரணம் இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

ஜூலை 22
1, 2, 5, 9, 10 ஆகியவற்றின் வாய்ப்பாடுகளும், ஆறாறு முப்பத்தாறு போல ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குபவையும் வந்துவிட்டால் மீதம் பத்தே பெருக்கல்கள்: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8. இவற்றிலும் 4 அல்லது 8 வரும் ஏழு பெருக்கல்களையும் இரட்டித்தே பெறலாம். ஏழின் இரட்டை 14, அதன் இரட்டை 28, அதன் இரட்டை 56. குழந்தைகள் அடிக்கடி தடுமாறும் ஏழெட்டு இப்படித்தான் பிடிபடுகிறது. மூவேழு இருபத்தொன்று தெரிந்தால், அதை இரட்டித்து ஆறேழு நாற்பத்திரண்டு.

ஜூலை 24
ராகம் போட்டு ஒப்பிப்பதைப் பழைய வழக்கம் என்று தள்ளிவிடுவது தவறு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பாராமல் சொன்ன பிள்ளைகள் முழு எண்களோடு மாகாணி (1/16), அரைக்கால் (1/8) போன்ற பின்னங்களின் பெருக்கலையும் மனத்தில் வைத்திருந்தார்கள். ஓசை நினைவைப் பிடித்துவைக்கும். ஆனால் ஒப்பித்தலோடு நின்றுவிட்டால், ஏழெட்டு கேட்கும்போது குழந்தை ஓரெட்டிலிருந்து தொடங்கி ஏறி வர வேண்டியிருக்கும். எனவே வாய்ப்பாடு வாயில் வந்தபின் இடையிடையே கேட்டுப் பார்ப்பது அவசியம். "56-இல் எத்தனை எட்டு?" என்று திருப்பிக் கேட்பது வகுத்தலுக்கும் வழி செய்கிறது.

ஜூலை 29
ஆறெட்டு 46 என்று ஒரு குழந்தை சொன்னால் உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. "ஐயெட்டு எவ்வளவு?" என்று கேட்டால் நாற்பது என்று வரும். இன்னோர் எட்டைச் சேர்த்துத் தானே 48-க்கு வந்துவிடும். அப்படிக் கண்டுபிடித்த விடை மறப்பது அரிது. வேகம் பழக்கத்தில் தானாக வரும்; தொடக்கத்திலேயே கடிகாரத்தை வைத்து விரட்டினால் தெரிந்த விடையும் பயத்தில் மறந்துபோகும். பெற்றோர் ஒரே இரவில் முழு வாய்ப்பாட்டையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு கேள்வி, கலைத்துக் கேளுங்கள். தவறினால் அடுத்த நாள் அதையே மறுபடி கேளுங்கள்.