கடைசல் பட்டறையில் ஒரு ரயில் நிலையம்

அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறையில் ஒரு சொப்புக் குடம் உருவாவதைப் பார்க்க அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. சுழலும் மரத்துண்டில் உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் உதிர்கிறது. வயிறு வருகிறது, கழுத்து வருகிறது, விளிம்பு வருகிறது. சுழற்சி ஓயுமுன்பே அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிவிடுகிறது, தூரிகைக்கு வேலையில்லை. முன்பு மஞ்சள் கடம்பில் செய்ததைக் கிடைக்கிற மரத்தில் செய்கிறார்கள், கயிறு இழுத்த இடத்தில் மோட்டார் ஓடுகிறது. அம்மி, உரல், பம்பரம், நடைவண்டி என்று சாமான்களின் பட்டியல் மட்டும் பெரிதாக மாறவில்லை. 2025இல் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காப்பாற்றும். புதிதாக என்ன செய்யலாம் என்பதை அது சொல்லாது. என் யோசனை இது: மாதிரி ரயில் வைத்து விளையாடுகிற பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், தாங்களே ஒட்டிக் கட்டும்படி, மீட்டர்கேஜ் காலத்துச் சிறிய ரயில் நிலையம் ஒன்றை மரப் பாகங்களாகப் பெட்டியில் போட்டுத் தரலாம். உலகெங்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் விற்கின்றன. நம் ஊர் நிலையம்தான் அவற்றில் இல்லை.

ஏன் மீட்டர்கேஜ், ஏன் இந்த ஊர் என்று கேட்பார்கள். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902இல் வந்த தண்டவாளம், 1903இல் அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டையைத் தொட்டு, 1904இல் மலை தாண்டிக் கொல்லத்தோடு சேர்ந்தது. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் என்று ஆற்றோரமாகவே ஊர்கள் கோத்துக்கொண்டு போகும் பாதை. 2012இல் தென்காசி வரை அகலப்பாதை ஆயிற்று. இதெல்லாம் பழைய நினைவுக்குச் சரி. என் வாதத்துக்கு ஆதாரம் கணக்கில்தான் இருக்கிறது. உலகில் அதிகம் புழங்கும் மாதிரி ரயில் அளவு 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வருகிறது, ஆக அந்தத் தண்டவாளத்தில் பொருந்தாது. மீட்டர்கேஜுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஜெர்மனியில் நூரம்பர்க்கிலிருந்து 1968இல் எல்ஜிபி என்ற பெயரில் வந்த பெரிய ரயில், மீட்டர்கேஜை மனதில் வைத்தே 22.5இல் ஒரு பங்காக, 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகிறது. மீட்டர்கேஜின் ஆயிரம் மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4. ஐந்தரை அடி ஆள் 87இல் ஒரு பங்கில் 19 மில்லிமீட்டர். உளி அந்த அளவுக்கு இறங்காது. 22.5இல் ஒரு பங்கில் ஏழரை சென்டிமீட்டர். நிலையத் தாழ்வாரத்தின் பத்தடித் தூண் பதின்மூன்றரை சென்டிமீட்டர். இவை சொப்புக் கைக்குப் பழகிய அளவுகள்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் வருகிறது. கடைசல் உருண்டையை மட்டுமே தரும். கட்டடம் என்பது சுவரும் மூலையும் கூரையும், எல்லாமே தட்டை. அதற்குத் தச்சன் வேண்டும், அல்லது லேசர் இயந்திரம் வேண்டும். பாதி உண்மை. சுவரையும் சன்னலையும் லேசரில் வெட்டுவதே நல்லது என்பேன். அதிலும் கைவேலைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது வீண் உணர்ச்சி. ஆனால் லேசர் பலகையைத்தான் வெட்டும், தூணை உருட்டாது. வெளிநாட்டுப் பெட்டிகளிலும் தூண், குமிழ், பீப்பாய் போன்றவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ தனியாக வார்த்தே வருகின்றன. தாழ்வாரத் தூண், கைகாட்டிக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, மணி, தீயணைப்பு வாளி என்று ஒரு நிலையத்தில் உருண்டைக்குப் பஞ்சமில்லை.

கூரை? இந்தப் பக்கத்துப் பழைய கூரைகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை போட்டுத் தொடங்கியது; சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம், தட்டை. நம் அளவில் அது 18க்கு 11 மில்லிமீட்டர். இதை ஒவ்வொன்றாக ஒட்டச் சொன்னால் வாங்கியவர் பாதியில் எழுந்துவிடுவார்; வரிவரியாகக் கீறிய மெல்லிய பட்டைகளாகத் தந்து, இறவாரத்திலிருந்து முகடு நோக்கி, மேல்வரி கீழ்வரியின் மேல் ஏறும்படி ஒட்டவிடுவதே வழி. இன்னொன்று நாட்டு ஓடு. நாட்டு ஓடு பிறந்ததே சக்கரத்தில்தான். குயவர் ஒருபக்கம் ஒடுங்கிய குழாயாக வனைந்து, நெடுக இரண்டாக அறுத்து ஓடாக்குவார். கூரையில் கவிழ்த்த ஓடுகளைப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, படிப்படியாக ஒடுங்கும் வளையங்கள் கோத்த நீண்ட கோல் போலத் தெரியும். அந்தக் கோலை அப்படியே கடைந்துவிடலாமே! ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் படிப்படியாக ஒடுக்கிக் கடைந்து நடுவே பிளந்தால், ஒரு கோலில் இரண்டு ஓட்டு வரிசை. அடிப்பக்கம் பலகையில் ஒட்டிவிடுவதால் உள்ளே குடைய வேண்டாம். முகட்டு ஓடும் அதே முறைதான். மெல்லிய கோல் நீளமாக இருந்தால் சுழலும்போது துடிக்கும், உளி பிடிபடாது. நான்கைந்து ஓடுகளுக்கு ஒரு துண்டாகக் கடைந்து சேர்க்க வேண்டியிருக்கும். இது காகிதத்தில் போட்ட கணக்கு, பட்டறையில் திருத்தத்துக்கு இடமுண்டு. ஆனால் கூரை கடைசலுக்கு அந்நியம் என்ற பேச்சு இதோடு விழுந்துவிடுகிறது. தச்சுக்கும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு அந்நியமில்லை. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் தாமிரசபை மரத்தில் எழுந்து செம்பில் வேய்ந்த மண்டபம்தானே.

மரபு கெடும் என்பவர்களுக்கு ஒரு சொல். சொப்பு எப்போதுமே வீட்டைப் பார்த்துச் செய்ததுதான். அம்மி இருந்தபோது அம்மி; இன்று மரத்தில் கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. ஒரு வேறுபாட்டை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சொப்பில் உரலும் குடமும் குழந்தையின் கைக்கு அளவு. ஒன்றுக்கொன்று விகிதம் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. மாதிரிக் கட்டடத்தில் எல்லாமே ஒரே விகிதம். அதற்கு வரைபடமும் அளவுச் சட்டமும் பட்டறைக்குள் வர வேண்டும், தூணுக்குத் தூண் அரை மில்லிமீட்டர் மாறினால் கூரை கோணும். கூலியும் அதற்கேற்ப உயர வேண்டும். எண்ணிக்கைக் கூலியில் இந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது அநியாயம். மரம் நன்றாக உலராவிட்டால் சாரல் மாதத்தில் உப்பிக் கோடையில் வளையும் என்பதையும் மறக்கக் கூடாது. பலகையின் இரு முகத்திலும் வண்ணம் ஏறினால்தான் ஒரு பக்கமாக இழுக்காது. வாங்குவோர் குறைவுதான், மறுக்கவில்லை. பெரிய அளவு ரயில் விலையும் அதிகம், இடமும் நிறையப் பிடிக்கும். ஆனால் நிலையத்துக்கு ரயில் கட்டாயமில்லை. பள்ளிக்கூட மேசையில் தனியாகவே நிற்கும்.

இன்றைக்கு இல்லாதது அளவுதான். இந்தப் பாதையின் மீட்டர்கேஜ் நிலையங்களின் பழைய படமோ வரைபடமோ வீட்டில் வைத்திருப்பவர்கள் எடுத்துக் கொடுங்கள். கூரைச் சரிவு பக்கவாட்டில் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.