புள்ளியில் பிறக்கும் எழுத்து



எழுத்தைக் கோடென்றும் வளைவென்றும் எண்ணிப் பழகியவர்கள் நாம். அதனைப் புள்ளிகளின் கூட்டமாகவும் காணலாம் என்று எமக்குக் கற்பித்தது, பழுதுற்ற அச்சுப்பொறி ஒன்று.

1996 ஆம் ஆண்டு ஊர் மக்களுக்கெனப் பல் மருத்துவ முகாம் ஒன்றை மாணவரோடு கூடி நடத்த முனைந்தோம். அறிவிப்பைக் கணினியில் அமைத்து, ‘டாட் மேட்ரிக்ஸ்’ எனப்படும் புள்ளியணி அச்சுப்பொறியில் அச்சிட்டுப் பள்ளிவாசல் முகப்பிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டுவித்தோம். முகாம் நாளன்று முதலில் வந்தவர் முழங்கால் வலிக்கு மருந்து வேண்டிய மூதாட்டி. அடுத்து வந்த பெரியவருக்குக் கண்ணில் புரை. திகைத்துப்போய் அறிவிப்பை எடுத்துப் பார்த்தோம். ‘பல மருததுவ முகாம’ என்றிருந்தது. எழுத்தின் உச்சியை அடிக்க வேண்டிய ஊசி ஓய்ந்துபோனமையால் மெய்களின் புள்ளிகள் யாவும் மறைந்துவிட்டன. ‘மருததுவ’ என்பதைப் படிப்போர் மனமே திருத்திக்கொண்டது. ‘பல’ என்பதோ தானும் ஒரு சொல்லாய் நின்று, திருத்தத்திற்கு இடந்தரவில்லை. “பல்லுக்கு மட்டுந்தானா வாப்பா?” என்று கேட்டுவிட்டு, நடந்தே வந்த அம்மூதாட்டி நடந்தே திரும்பினார். அக்காட்சி இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அதன் பின்னரே இவ்வெழுத்தின் அமைப்பை ஆராயத் தொடங்கினோம். அச்சுத்தலையில் மெல்லிய ஊசிகள் நிரலாக நிற்கின்றன. மை தோய்ந்த நாடாவை அவை தாக்க, தாளில் புள்ளிகள் விழுகின்றன. தலை நகர நகரப் புள்ளிகள் கூடி எழுத்தாகின்றன. 1970 இல் அமெரிக்காவில் வெளிவந்த எல்.ஏ.30 என்னும் பொறி, அகலத்தில் 5, உயரத்தில் 7 என 35 புள்ளிக் கட்டத்துள் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. கீழிறங்கும் வாலுடைய சிறிய எழுத்துகளுக்கு அக்கட்டத்தில் இடம் போதாது. 1980 இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்.80 பொறியில் 9 ஊசிகள் இருந்தன. பின்னர் 24 ஊசிப் பொறிகளும் பெருகின. எழுத்து அழகுற்றது.

புள்ளியால் எழுத்தை அளக்கும் வழக்கம் பொறிகளோடு தோன்றியதன்று. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாசியக் கலீபாக்களின் அமைச்சராய் விளங்கிய இப்னு முக்லா, எழுத்துக்கலைக்கு வகுத்த இலக்கணத்தின் அளவுகோல் புள்ளியே. நாணற்பேனாவை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியைக் கொண்டு ‘அலிஃப்’ எழுத்தின் உயரம் அளக்கப்பெற்றது. அந்த அலிஃபைக் கொண்டு ஏனைய எழுத்துகள் அமைந்தன. அரபியில் ‘பா’, ‘தா’, ‘ஸா’ மூன்றிற்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேற்றுமை. நம் முன்னோர் அரபுத் தமிழை ஆக்கியபோதும், அரபியில் இல்லாத தமிழொலிகளுக்குப் புள்ளி முதலிய குறிகளைச் சேர்த்தே புதிய எழுத்துகளைப் படைத்தனர்.

தமிழிலும் புள்ளிக்குள்ள பெருமை சிறிதன்று. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காட்டும் இலக்கணம். ஆயினும் ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். ஓலையில் நேர்ந்ததே எம் அறிவிப்பிலும் நேர்ந்தது.

இன்று மைப்பீச்சுப் பொறிகளும் லேசர் பொறிகளும் வந்துவிட்டன. எனினும் படிவத்தை அடித்தெழுதும் ஆற்றலுடைமையால், கார்பன் படிகள் வேண்டுமிடத்துப் புள்ளியணிப் பொறி இன்னும் உழைக்கின்றது. வியப்பு யாதெனில், பொறி அருகிய பின்னரும் அதன் எழுத்து வாழ்கின்றது. சுவரொட்டிகளிலும் கணினி விளையாட்டுகளிலும் பழமைச் சுவைக்காகவே புள்ளி எழுத்துருக்களை வரைகின்றனர். இலண்டனைச் சார்ந்த ‘நத்திங்’ நிறுவனம் 2022 இல் வெளியிட்ட தன் முதற் கைப்பேசியில் இத்தகைய எழுத்தையே தன் அடையாளமாக்கியது. தெளிவு குறைந்த காலத்தின் குறையே இன்று அணியாயிற்று!

இவ்வணியைத் தமிழில் படைக்க விழையும் மாணவர்க்கு ஒன்று சொல்வோம். ஆங்கிலத்திற்கெனப் பிறந்த கட்டத்துள் தமிழைத் திணித்தலாகாது. நம் எழுத்து மூன்றடுக்கு மாளிகை. மேலே புள்ளியும் இகரச் சுழியும், நடுவே உடல், கீழே உகர ஊகார வளைவுகள். மூன்றிற்கும் இடந்தரக் கட்டத்தை உயர்த்த வேண்டும். எழுத்தே புள்ளிகளால் ஆனபோது மெய்யின் புள்ளியைப் பிரித்துக் காட்டுவது எங்ஙனம்? சுற்றிலும் வெற்றிடம் விட்டே காட்டல் வேண்டும். இட்ட புள்ளியைப் போலவே இடாத புள்ளியும் எழுத்தின் உறுப்பாகும். கணினித் திரையில் மட்டும் கண்டு மகிழாமல், ‘பல்’, ‘பல’ எனச் சொற்களை அருகருகே அச்சிட்டு, கண் மங்கிய முதியோரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் தயங்காது படித்தால் உங்கள் எழுத்துரு தேறியது.

அழகு பிறகு வரட்டும். ஒரு புள்ளி குறைந்தமையால் எந்த மூதாட்டியும் வீணே நடந்து வந்து திரும்பாத எழுத்தை நம் மாணவர் படைப்பாராக! அதற்கு இறையருள் துணை நிற்குமாக!