சேறு திரளும் நேரம்

ஐப்பசி கடைசி வாரம். மேற்கே மலையில் மூன்று நாளாக மழை. தாமிரபரணிக் கரையோரத்தில் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

“நல்ல நாளாப் பாத்து வந்திருக்கியள். சித்திரையில வந்தா இங்க ஒரு வேலையும் தெரியாது” என்றார் ஆப்பரேட்டர் அண்ணாச்சி. இருபது வருஷத்துக்கு மேல் இதே நிலையம். ராத்திரி ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு கலங்கினால் அவர் போவதில்லை என்று பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்.

நான் சிவில் இஞ்சினியரிங் படித்தவன். நீரில் துகள் எவ்வளவு வேகத்தில் படியும் என்பதற்கு ஸ்டோக்ஸ் விதி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதன் அர்த்தம் அண்ணாச்சி நீட்டிய கண்ணாடிக் குவளையில்தான் புரிந்தது. ஆற்றிலிருந்து மொண்ட தண்ணீர். அடியில் மணல் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. மேலே இருந்த செம்மை மட்டும் அப்படியே நின்றது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு மூன்று நிமிஷம் போதும். அதில் நூறில் ஒரு பங்கான களிமண் துகளுக்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி, அந்தக் கணக்குதான். போதாக்குறைக்கு களிமண் துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று கிட்டே சேர்க்காது.

சேர்த்துவைக்கத்தான் படிகாரம். அதிலிருக்கும் அலுமினியத்தின் நேர்மின்னேற்றம் அந்தப் பகையைத் தணிக்கிறது. தணிந்த துகள்கள் ஒட்டி, பஞ்சுப் பிசிறாகத் திரண்டு, கனத்து, இறங்கும். எங்கள் ஆச்சி மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதே காரியத்துக்குத்தான். ஏன் தெளிகிறது என்று ஆச்சி கேட்டதில்லை. எவ்வளவு உரைக்க வேண்டும் என்பதில் மட்டும் வெகு கறார்.

அந்த ‘எவ்வளவு’தான் அண்ணாச்சியின் தொழில். மேசைமேல் ஆறு ஜாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர். லிட்டருக்கு 10, 20, 30 என்று 60 மில்லிகிராம் வரை படிகாரக் கரைசல் விட்டார். ஆறு துடுப்புகளும் ஒரு நிமிஷம் வேகமாகச் சுழன்றன. பிறகு இருபது நிமிஷம் மெள்ள மெள்ள. “முதல்ல கலக்கணும், பொறவு தாலாட்டணும். வேகத்தக் கொறைக்கலன்னா கட்டுனதெல்லாம் ஒடஞ்சி போவும்.”

குனிந்து பார்த்தேன். முதல் ஜாடியில் ஒன்றுமில்லை. நாலாவதில் திரிந்த பாலில் திப்பி மிதக்குமே, அப்படி ஒன்று. முதலில் பொடிப்பொடியாக, பிறகு கடுகளவு. துடுப்பு நின்றதும் பனி விழுவதுபோல என்று எழுத ஆசைதான். திருநெல்வேலிக்காரன் எங்கே பனி விழுந்து பார்த்தேன். இலவம்பஞ்சு இறங்குவதுபோல இறங்கியது. அரை மணி கழித்துப் பார்த்தால் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது மூன்றுமே ஒரே தெளிவு.

“அப்ப 40 போதும். கூடக் கொட்டுனா காசு நட்டம், சேறும் கூடும், தண்ணி புளிப்பு ஏறும்.”

லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் பத்து லட்சம் லிட்டருக்கு ஒரு கிலோ. இந்த நிலையத்தில் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர். ஆக, இன்றைக்கு 400 கிலோ. தெளிந்த நாளில் 100 கிலோவோடு போய்விடும். மீதி 300 கிலோவையும் தூக்கிப்போட்டுக் கரைப்பது இரண்டு ஒப்பந்தக்காரப் பையன்கள். ஒருவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் வறண்டு கோடு கோடாக வெடித்திருந்தது. “சோறு பிசைஞ்சா எரியும் சார்.” கையுறை வந்த வேகத்தில் கிழிந்துவிடுகிறதாம்.

திரண்ட சேற்றில் பெரும்பகுதி, அதைப் படியவிடும் வட்டத் தொட்டியிலேயே தங்கிவிடும். தப்பி வருவதைப் பிடிக்க மணற்படுகை. மணல் சல்லடைபோலச் சலிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் மணலின் இடுக்கு, களிமண் துகளுக்கு ஊர்ப் பொட்டல் மாதிரி. தாராளமாக நுழைந்து போய்விடலாம். நுழைகிறபோது மணலில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். படிகாரம் சரியாக விழாத அன்று ஒட்டவும் ஒட்டாது, மணல் எத்தனை அடி இருந்தாலும் கலங்கல் கீழே வந்துவிடும். ஜாடியில் தவறினால் ஃபில்டரில் திருத்த முடியாது என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான்.

ஒட்ட ஒட்ட மணல் அடைக்கும். வழக்கமாக ஒரு நாள், ஒன்றரை நாளுக்கு ஒருமுறை கழுவுவார்கள். இந்தக் கலங்கலில் எட்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கழுவுவதைப் பார்க்க வேண்டும். முதலில் அடியிலிருந்து காற்று. படுகை முழுக்க மணல் உலைபோலக் கொதிக்கிறது. பின்னால் கீழிருந்து மேலாகத் தண்ணீர். கரும்பழுப்பு நுரை ததும்பிக் கால்வாயில் வழிகிறது. பத்து நிமிஷத்தில் அடியில் மணல் தெரிந்தது. அண்ணாச்சி கை உயர்த்த, பையன் வால்வைத் திருகினான். அவசரப்பட்டு மூடினால் சேறும் மணலும் சேர்ந்து உருண்டை கட்டிக்கொள்ளுமாம். பிறகு இறங்கித் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

குளோரின் அறைக்குள் என்னை விடவில்லை. வாசலில் முகமூடி, பக்கத்தில் ஒரு அம்மோனியா பாட்டில். பஞ்சை அதில் நனைத்து இணைப்புகளின் பக்கம் காட்டினால், கசிவு உள்ள இடத்தில் வெண்புகை எழும். “கசிஞ்சா காத்து அடிக்க தெசையில ஓடக் கூடாது. மேட்டப் பாத்து ஏறணும். அது கனமான வாயு, பள்ளத்துலதான் கெடக்கும்.” ஒருமுறை மூச்சில் வாங்கியிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டதற்கு இருமலைத்தான் பதிலாகத் தந்தார்.

கிருமி செத்த பிறகும் தெருக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். மிச்சம் எதற்கு? தண்ணீர் நிற்கிற நேரத்தில் குழாயில் அழுத்தம் விழும்; விரிசல் வழியே சாக்கடை உள்ளே வரப் பார்க்கும். அந்த மிச்சம்தான் அங்கே காவல். ‘மருந்து வாடை’ என்று நாம் முகம் சுளிப்பது அதைத்தான்.

அலுவலக அறையில் எனக்குக் கேன் தண்ணீர் ஊற்றித் தந்தார்கள். அண்ணாச்சி வெளியே மாதிரி எடுக்கும் குழாயைத் திறந்து, கையேந்திக் குடித்துவிட்டு வந்தார். நானும் போய்க் குடித்தேன். லேசாக வாடை இருந்தது.

உச்சிவேளைக்கு வண்டியை எடுக்கப் போனேன். வரத்துக் கால்வாய்ப் பக்கம் நின்றிருந்த அண்ணாச்சி கையால் சைகை காட்டினார். செம்மையில் கருமை ஏறியிருந்தது. மேலே ஏதோ ஓடை உடைத்துக்கொண்டிருக்கலாம். “எல, ஜாடியக் கழுவு” என்று பையனிடம் கத்திவிட்டு, அவர் குனிந்து தண்ணீர் மொண்டார்.