முப்பத்தேழு அங்குல டயரும் கிரவுன் பினியனும்: மோவாப் பட்டறைகளின் வேலைமுறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் ஓரமாகச் சுமார் 4,000 அடி உயரத்தில் அமைந்துள்ள மோவாப், 1952இல் சார்லி ஸ்டீன் என்னும் நிலவியலாளர் அதன் தென்புறத்தே யுரேனியப் படிவைக் கண்டறிந்ததையடுத்துச் சுரங்க ஊராகப் பெருகியது. தாது தேடியவர்கள் செம்மணற்பாறைகளிடையே வெட்டிச்சென்ற தடங்கள், சுரங்கத்தொழில் தளர்ந்த பின்னர், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வாகனங்களின் பொழுதுபோக்குப் பாதைகளாயின. ஈஸ்டரை ஒட்டி 1967 முதல் இவ்வூரில் நடந்துவரும் ஜீப் சஃபாரிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வண்டிகள் வருவதால், அதற்கு முந்தைய வாரங்களில் இங்குள்ள பட்டறைகளில் இரண்டு வேலைகளுக்கு ஓய்வு இருப்பதில்லை: பெரிய டயர் பொருத்துவது ஒன்று, அதற்கேற்ப அச்சின் பல்சக்கரங்களை மாற்றுவது மற்றொன்று. முதல் வேலையைத் தெருவில் போகிறவர்களும் கண்டு வியப்பர். இரண்டாவதோ அச்சுக்கூட்டின் எண்ணெய்க்குள் மறைந்துவிடுவது. ஆயினும் தொழிலாளியின் தேர்ச்சி முழுவதும் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

இப்பட்டறைகளில் அடிக்கடி காணப்படும் ஜீப் கிளாடியேட்டர் என்னும் பிக்கப் வண்டியின் ரூபிகான் வகையை எடுத்துக்கொண்டால் இவ்வேலையின் தன்மை எளிதில் விளங்கும். அதன் ஆலை டயரில் 285, 70, 17 என்னும் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது மில்லிமீட்டரில் டயரின் அகலத்தையும், இரண்டாவது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதையும், மூன்றாவது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 32.7 அங்குலம் வரும். வண்டிக்காரர் கேட்பதோ 37 அங்குலம். விட்டம் நாலேகால் அங்குலம் கூடினாலும், சக்கரத்தின் மையம் தரையிலிருந்து அதில் பாதியளவே உயரும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது பட்டறைக்காரரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

டயரை ரிம்மில் ஏற்றிப் போல்ட்டை முறுக்குவதோடு பொருத்துதல் முடிந்துவிடுவதில்லை. ஸ்பிரிங்கை உயர்த்தும் உதிரிகளைப் பூட்டிய பின்னர், ஒரு பக்கச் சக்கரத்தைச் சாய்தளத்தின் மீதோ ஃபோர்க்லிஃப்டாலோ மேலே தூக்கி, மறுபக்கச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு முனைகளுக்கும் முழுமையாகத் திருப்பிப் பார்க்கின்றனர். டயர் எங்கே உரசுகிறது என்பதை அப்போதுதான் அறிய முடியும்; மட்டத் தரையில் நின்ற வண்டியில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி, பாறையில் ஒரு சக்கரம் ஏறிய கணத்தில் இல்லாமற் போகலாம். உரசும் இடத்திற்கேற்ப மட்கார்டு வெட்டப்படுகிறது, அல்லது உடற்தகட்டின் வெல்டிங் விளிம்பு சுத்தியலால் தட்டி மடக்கப்படுகிறது, அல்லது ஸ்டியரிங்கின் திருப்ப எல்லை சற்றுக் குறைக்கப்படுகிறது. இத்தகைய டயர் ஒன்றின் எடை 30 கிலோவுக்கும் மேல் என்பதால், அதைச் சுழலச்செய்வது எஞ்சினுக்கும் நிறுத்துவது பிரேக்குக்கும் கூடுதல் சுமையாகின்றன. விளம்பரப் படங்களில் இந்தச் சுமை தெரிவதில்லை.

அச்சு விகிதம் பற்றிய கேள்வி இங்கிருந்து எழுகிறது. எஞ்சினிலிருந்து வரும் நீளத்தண்டின் முனையிலுள்ள சிறிய பல்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வளையச் சக்கரம் கிரவுன். தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளிலும் இந்த இணை கிரவுன் பினியன் என்றே வழங்குகிறது. கிரவுனில் 41 பல்லும் பினியனில் 10 பல்லும் இருந்தால், சக்கரம் ஒருமுறை சுற்ற நீளத்தண்டு 4.10 முறை சுற்றவேண்டும். அதுவே அச்சு விகிதம், கிளாடியேட்டர் ரூபிகானுக்கு ஆலை தந்திருப்பதும் அதுவே. டயர் பெரிதாகும்போது அதன் சுற்றளவு கூடி ஒரு சுற்றில் வண்டி அதிகத் தொலைவு செல்வதால், 37 அங்குல டயரோடு ஓடும் 4.10 விகிதம், பழைய டயரோடு 3.62 விகிதம் தந்திருக்கக்கூடிய இழுவையையே தரும். எட்டுக் கியர் கொண்ட தானியங்கி வண்டி மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கடைசிக் கியரில் செல்லும்போது, பழைய டயரில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 1,930 சுற்றுச் சுற்றும். புதிய டயரில் அது 1,700 அளவுக்கு இறங்கிவிடும். அந்த 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையை 4,400 சுற்றில்தான் எட்டுவது. எனவே தாழ்ந்த சுற்றில் அது திணறும், கியர்பெட்டி ஏழுக்கும் எட்டுக்கும் இடையே மாறி மாறித் தடுமாறும். வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 113இல் ஓடும் என்பதால், வண்டியின் கணினியில் டயர் அளவைத் திருத்திப் பதிவது இவ்வேலையின் தவறாத பகுதியாக உள்ளது.

பழைய நிலையைக் கணக்கின்படி அப்படியே மீட்க 4.64 விகிதம் தேவை. அத்தகைய இணை கடையில் கிடைப்பதில்லை. கிடைக்கும் எண்களுள் பட்டறைகள் எடுத்துக்கூறுபவை பெரும்பாலும் 4.88, 5.13 ஆகிய இரண்டே. கணக்கைவிடச் சற்று மேலே செல்வதற்கு டயரின் எடையும், உயர்ந்த வண்டியின் மேல் மோதும் காற்றின் எதிர்ப்பும் காரணங்களாகும்; மூன்றாவது காரணம் வண்டி வந்த வழி. டென்வரிலிருந்து மோவாபுக்கு வருபவர் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் 11,158 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதையைக் கடந்தாகவேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழப்பதால், அவ்வுயரத்தில் அதன் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு போய்விடும். ஆகவே மலைச்சாலையில் நெடுந்தொலைவு ஓடும் வண்டிக்கும், பின்னால் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கும் 5.13 பொருந்தும், சமவெளியிலிருந்து வருவோருக்கு 4.88 போதும். முதல் கியர் 4.71, பாறையேற்றத்திற்கான தாழ்விகிதப் பெட்டி 4, அச்சு 4.88 ஆகியவற்றைப் பெருக்கினால் ஏறத்தாழ 92 வரும். எஞ்சின் 92 முறை சுற்றச் சக்கரம் ஒருமுறை ஊர்ந்து நகரும் என்பது இதன் பொருள். இவ்வளவு கிடைத்த பின் பாறைக்காக மட்டும் இன்னும் உயர்ந்த விகிதத்தை நாடுவதில் பயன் குறைவு. கிரவுனின் அளவு அச்சுக்கூட்டால் வரையறுக்கப்பட்டிருப்பதால், விகிதம் உயர உயரப் பினியனே சிறுத்து, பத்துப் பல் எட்டாகக் குறைகிறது. பற்களின் வலிமைக்கு அது நல்லதன்று. முன்னச்சு, பின்னச்சு இரண்டிலும் விகிதம் ஒன்றாக இல்லாவிடில் நான்கு சக்கரங்களையும் இணைத்து ஓட்டும்போது பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கி உடையும்; ஆதலின் செலவும் உழைப்பும் இரட்டிப்பாகின்றன.

விகிதத்தைத் தேர்ந்த பின்பே கைவேலை தொடங்குகிறது. பினியனின் மையக்கோடு கிரவுனின் மையத்திற்கு நேராக அமையாமல் விலகி அமைவதால், பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. கந்தகச் சேர்க்கையால் கடும் நெடி வீசும் தனி எண்ணெய் இதற்குத் தேவைப்படுவதும், பினியன் நிற்கும் ஆழம் நூலிழையளவு தவறினாலும் பற்கள் தேய்வதும் இதனால்தான். ஆழத்தைத் திருத்துவது ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வளையங்களைக் கூட்டியும் குறைத்தும். ஒவ்வொரு திருத்தத்திற்கும் பேரிங்கை அழுத்தி ஏற்றி இறக்கவேண்டியிருப்பதால், தேர்ந்த தொழிலாளர் பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைச் சற்றே தேய்த்து, கையாலேயே போட்டுக் கழற்றும்படி தனியாக வைத்திருப்பர். அளவு சரியான பின்னரே புதிய பேரிங் ஏறும். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள ஆட்டத்தைக் கடிகாரமுக அளவி கொண்டு பார்த்து, பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருகின்றனர். கிரவுனை ஒருபுறம் தள்ளும்போது ஒரு பக்கத்தில் எடுத்த ஷிம்மை மறுபக்கத்தில் சேர்ப்பது வழக்கம், இல்லையெனில் பேரிங்கின் இறுக்கம் மாறிவிடும்.

அதன்பின் சில பற்களில் மஞ்சள் பசை தடவி, கிரவுனைத் தடைகொடுத்துச் சுழற்றினால், பல் பட்ட இடத்தில் பசை விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் மேல்விளிம்பை நோக்கி ஏறியிருந்தால் பினியன் விலகி நிற்கிறது. அடிப்பகுதியில் ஆழ்ந்திருந்தால் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது. உயரத்தில் நடுவே அமைந்து, விளிம்புகள் மெல்ல மங்கும் தடமே வேண்டப்படுவது. அளவியின் முள் இரு தொழிலாளருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். தடத்தைப் படிப்பதிலோ கருத்து வேறுபடும், ஒருவர் போதுமென்று மூட நினைத்ததை மற்றவர் மறுபடி கழற்றச் செய்வதுண்டு. கழற்றச் சொல்பவர் பக்கமே நியாயம் அதிகம் எனலாம். தவறான அமைப்பு உடனே உடைவதில்லை. குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும், அந்த ஒலி விசை கொடுக்கும்போது எழுகிறதா விடும்போது எழுகிறதா என்பதைக் கேட்டே பல்லின் எந்தப் பக்கம் கெட்டது என்று கூறும் அளவுக்குத் தொழிலாளரின் செவி பழகியிருக்கிறது.

வண்டியை ஒப்படைக்கும்போது சொல்லப்படும் விதிகள் சில: முதல் 25, 30 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி அச்சு குளிரும்வரை நிறுத்தவேண்டும், 800 கிலோமீட்டர்வரை டிரெய்லர் இழுக்கலாகாது, அத்தொலைவு ஓடியதும் எண்ணெயை மாற்றவேண்டும். பெருந்தொலைவு ஓடி வந்து, மறுநாளே பாறையேறிவிட்டுத் திரும்ப நினைக்கும் சஃபாரிப் பயணிக்கு இவ்விதிகள் எளிதில் பொருந்துவதில்லை. அதனால் விழாவுக்கு ஓரிரு நாள் முன்னதாக வந்து பல்சக்கரம் மாற்றக் கேட்பவரிடம், இம்முறை பழைய விகிதத்தோடேயே எட்டாம் கியரைத் தவிர்த்து ஓட்டிப்போய், ஊர் திரும்பிய பின் தம் பகுதிப் பட்டறையில் மாற்றிக்கொள்ளுமாறு கூறுவதே நேர்மையான பட்டறைகளின் நடைமுறை.