கீல் வைத்த மீன்

நீளம் 5 சென்டிமீட்டர். எடை 4 கிராம். சுண்டுவிரலோடு வைத்துப் பார்த்தால் விரலே கொஞ்சம் பெரிதாகத் தெரியும். உடம்பை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு துண்டையும் கம்பி வளையத்தில் கோத்திருக்கிறார்கள். கதவுக்குக் கீல் வைத்த மாதிரி மீனுக்குக் கீல்! வாய்க்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாக்கு. வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று இரண்டு மும்முள். ராபாலா கம்பெனியின் ஜாயின்டட் வரிசையில் வரும் சின்ன சைஸ் லூர் இது. லூர் என்றால் பொய் மீன், அவ்வளவுதான். அமெரிக்காவில் பாஸ், டிரவுட் எல்லாம் பிடிக்க இதைத் தூண்டிலில் கட்டுவார்கள்.

இதை ஆன்லைனில் வாங்கியவன் திருநின்றவூர்ப் பையன் ஒருவன். பார்சலைப் பிரித்ததும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "இது கொலுவுக்கா?" இரண்டாவது கேள்வி விலை. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். திருநின்றவூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு மாத ரயில் சீசன் டிக்கெட் எடுத்தாலும் மிச்சம் நிற்கும் தொகை அது. அதே காசுக்கு எத்தனை கிலோ மீன் வரும் என்று அம்மா வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டார். காமர்ஸ் படிக்காத அம்மா :-)

ஆனால் பையனுக்கு அது காதில் விழவில்லை. ஆட்டினால் வால் தனியாக ஆடுகிறது. கையைச் சும்மா வைத்திருந்தாலும் வால் லேசாக அசைகிறது. பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. அன்றைக்கு ராத்திரி பையனும் மனசுக்குள்ளேயே நாலைந்து விரால் பிடித்துவிட்டான்.

இந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. பின்லாந்தில் லௌரி ராபாலா என்று ஒரு ஏழை மீனவர். பையான்னே ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். தூண்டிலுக்கு இரை மீன் சேர்ப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். படகில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒன்றைக் கவனித்தார். பெரிய மீன் வந்து சின்ன மீன் கூட்டத்துக்குள் பாயும்போது எல்லாவற்றையும் துரத்துவதில்லை. கூட்டத்தில் ஒன்று அடிபட்டு, கோணலாக நீந்திக்கொண்டிருக்கும். அதைத்தான் அது குறிவைக்கிறது. 1936-ல் அவர் தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை மேலே ஒட்டி, போட்டோ நெகட்டிவ்களை உருக்கிப் பூசி முதல் லூரைச் செய்தார். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மர்லின் மன்றோ இறந்த சமயம், அவர் படத்தை அட்டையில் போட்டு வந்த இதழ் அது. நாடே வாங்கிப் படித்தது. அதற்கப்புறம் ஆர்டர்கள் குவிந்தன. விளம்பரத்துக்கு இப்படியும் ஒரு ராசி!

சரி, கீல் எதற்கு? தூண்டிலைச் சுற்றி இழுக்கும்போது தண்ணீர் அந்தப் பிளாஸ்டிக் நாக்கில் மோதுகிறது. பொம்மை தலை குனிந்து முங்கி, இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒரே துண்டாக இருக்கும் லூர் நன்றாக ஆட வேண்டுமானால் கொஞ்சம் வேகமாக இழுக்க வேண்டும். கீல் இருந்தால் மெதுவாக இழுத்தாலே போதும், பின்பாதி தானே வளைந்து நெளியும். பால்சா மரத்தில் செய்தது என்பதால் இழுப்பதை நிறுத்தினால் மெல்ல மேலே மிதந்து வரும். முங்குவது, நெளிவது, சோர்ந்து மேலே வருவது... எல்லாம் சாகப்போகும் மீனின் லட்சணங்கள். ஆரோக்கியமான மீனைப் போல் நீந்தினால் இந்தப் பொம்மைக்கு வேலையே இல்லை. நோயாளி வேஷம் போட்டால்தான் பிழைப்பு.

கலங்கல் தண்ணீரில் இந்த நெளிவுக்கு இன்னும் மவுசு. மீனுக்கு உடம்பின் இரண்டு பக்கமும் தண்ணீரின் அதிர்வை உணர்கிற ஒரு கோடு உண்டு. வர்ணம் தெரியாவிட்டாலும் துடிப்பு தெரிந்துவிடும்.

இனி ஒரு சின்னச் சிக்கல். பாஸ் வட அமெரிக்க மீன். திருநின்றவூர் ஏரியில் அதற்கு எங்கே போவது? பழவேற்காட்டுப் பக்கம் கிடைக்கும் கொடுவாவை இங்கிலீஷில் சீ பாஸ் என்பார்கள். பெயரில்தான் பாஸ், அது வேறு குடும்பம். ஏரியில் புழுவுக்கும் மைதா உருண்டைக்கும் வருகிற ஜிலேபியும் கெண்டையும் இந்த மாதிரிப் பொம்மையைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. பாய்ந்து வேட்டையாடுகிற மீன் வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது விரால். பாம்புத் தலை, வாய் நிறையப் பல், புல்லுக்குள் பதுங்கியிருந்து சரேலென்று பாயும் குணம். தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் கவலைப்படாது, மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். தெலங்கானாவில் இதையே கொரமீனு என்று மாநில மீனாக வைத்திருக்கிறார்கள்.

ஆக, விராலுக்கு என்று ஏரிக்குப் போனான் பையன். முதல் அனுபவம் சுமார்தான். 4 கிராமை எவ்வளவு வீசினாலும் தூரம் போகவில்லை. காற்றில் போகும்போதே கீலில் மடிந்து, முள் நரம்பில் மாட்டி, சிக்கலாகத் தண்ணீரில் விழுந்தது. விழுந்ததும் பாசி. ஆறு முள்ளும் ஆகாயத்தாமரையை அள்ளிக்கொண்டு வந்தன. கீல் இடுக்கில் புல் சிக்கினால் ஆட்டமும் போச்சு. ஒருமுறை அடியில் ஏதோ கட்டையில் மாட்டி, நரம்பு அறுந்துவிடும் என்கிற நிலைமை. பி.காம் புத்தகத்தில் மூழ்கிய செலவு என்று ஒரு பாடம் வரும். திரும்பி வராத காசை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பையன் அதைப் படித்ததில்லை போல. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி எடுத்துவந்தான்.

பக்கத்தில் மூங்கில் கழியும் மண்புழு டப்பாவுமாக ஒரு பெரியவர். அவர் பையில் ஏற்கெனவே குழம்புக்கு ஆகும் அளவு ஜிலேபி.

"இன்னா தம்பி, பொம்மையா?"

"லூர் தாத்தா. மீனுன்னு நெனச்சிக் கவ்வும்."

"கவ்வட்டும், கவ்வட்டும்" என்று சிரித்தார்.

அப்புறம்தான் விஷயம் நடந்தது. புல் ஓரமாக, தண்ணீருக்கு மேலே செக்கச்செவேல் என்று ஒரு கூட்டம் புள்ளிபுள்ளியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி. பையன் அதற்குள் வீசினான். இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பான், கீழேயிருந்து ஒரு அடி! முள் ஏறவில்லை. மறுபடி வீசினான். மறுபடி அடி. விரால் போகாமல் திரும்பத் திரும்ப வந்தது. "செம பசில இருக்கு தாத்தா!" என்றான்.

"பசியா? அது பசிக்கு வர்ல தம்பி. மேல செவப்பா மேயுது பாரு, அது அதோட குஞ்சு. புள்ளைங்கள காப்பாத்த வருது. இத்த புடிச்சினா அத்தினியும் போச்சு."

இந்தச் சின்னப் பொம்மையைப் பற்றி யோசிக்க வேண்டிய இடம் இதுதான். விரால் மழைக்காலத்தில் புல் அடர்ந்த ஆழமில்லாத தண்ணீரில் இனப்பெருக்கம் செய்யும். குஞ்சுகள் சில வாரம் சிவப்பாக, கூட்டமாக மேலேயே திரியும். அடியில் பெற்ற மீன் காவல். காவல் போய்விட்டால் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் விருந்துதான். லூர் போடுகிறவர்களில் சிலர் தேடிப் போய் வீசுவதே இந்தச் சிவப்புக் கூட்டத்தின் மேல்தான். நிச்சயமாக அடி விழும் என்று தெரியும்.

பாஸ் கதையும் இதேதான். லார்ஜ்மௌத் பாஸில் ஆண் மீன் குழி பறித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். கூட்டுக்கு மேலே எது வந்தாலும் தாக்கும். அதனால்தான் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் மாதம் வரை பாஸைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகத் தடை வைத்திருக்கிறார்கள். லௌரி ராபாலா ஒரு குணத்தைப் பார்த்துப் பொம்மை செய்தார்: பலவீனமானதைத் தின்னும் பசி. தண்ணீருக்குள் போனபின் அதே பொம்மை இன்னொரு குணத்தையும் கிளறிவிடுகிறது: குஞ்சைக் காக்கும் வெறி. கரையில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி அடியாகத்தான் தெரியும். ஆனால் முதலாவதில் ஏமாந்த மீனுக்கு ஒரு வாய் இரை கிடைக்க வாய்ப்பிருந்தது. இரண்டாவதில் அதற்கு ஒரு லாபமும் கிடையாது, வராமல் இருக்கவும் முடியாது.

"வலை போட்டு மொத்தமாக அள்ளுகிறார்கள், கழிவுநீர் விடுகிறார்கள், ஒரு பையன் ஒரு விரால் பிடித்தால் ஏரி காலியாகிவிடுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வலையையும் கழிவுநீரையும் நிறுத்த ஒரு ஆளால் முடியாது. கையில் இருக்கும் தூண்டிலைச் சுருட்ட முடியும். அதுவும் பெரியவர் வயிற்றுக்காகப் பிடிக்கிறார். சீசன் டிக்கெட்டை விட அதிகக் காசு கொடுத்துப் பொம்மை வாங்குபவர் பிடிப்பது ஜாலிக்காக. ஜாலிக்காகப் பிடிப்பவர்தான் முதலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தச் சைஸ் கீல் லூருக்கு மெல்லிய நரம்பும் லேசான கழியும் வேண்டும், தடிமனான செட்டில் கட்டினால் பறக்காது. பாசி இல்லாத திறந்த தண்ணீருக்குத்தான் இது லாயக்கு, புல்லுக்குள் விரால் தேடுபவர்கள் முள் மறைந்திருக்கும் ரப்பர் தவளையை வாங்கலாம். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனை அதிகக் காயமில்லாமல் விடலாம், உங்கள் விரலுக்கும் நல்லது. ஏரி குத்தகைக்கு விட்டிருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள். சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு கரைக்கு நடந்துவிடுங்கள்.

பையன் அன்றைக்கு அதைத்தான் செய்தான். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிகிற வரைக்கும் பொம்மை பெட்டியில் கிடக்கட்டுமே. பால்சா மரத்துக்குப் பசிக்கப்போகிறதா என்ன?