மலைநாட்டில் மூன்று திங்கள்

ஓவியம் எழுதுவோரைக் காணும்போது அன்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தகைய எண்ணங்கள் உங்களுக்கு எங்கிருந்து தோன்றுகின்றன?" என்பதே அது. இறைவன் தந்த கொடை என்று சிலர் அவர்களே விடையும் கூறிவிடுவார்கள். கைப்பழக்கம் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மையே. மோயீசன் காலத்தில் ஆசாரக் கூடாரம் அமைப்பதற்கென இறைவன் பெசலேல் என்பவனைப் பெயர் சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. பொன் வேலைக்கும், மணி இழைப்பதற்கும், மரம் செதுக்குவதற்கும் வேண்டிய அறிவு தேவ ஆவியின் கொடை என்று வேதமே சான்று பகர்வது நம்போன்றோருக்கு எத்துணை ஆறுதல்! ஆயினும் கொடை பெற்றவனும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கோ, ஓரிடத்தில் தங்க வேண்டும். நான் பல ஊர்களைச் சுற்றிய பின்னரே இந்த எளிய பாடம் எனக்கு விளங்கிற்று. அதைப் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சேர்வராயன் மலையிலுள்ள சிற்றாலயம் ஒன்றிற்குப் படம் ஒன்று எழுதித் தருமாறு பங்குக்குரு என்னைக் கேட்டுக்கொண்டார். மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த காட்சிதான் பொருள். இக்காட்சியை இதற்கு முன்னரும் நான் எழுதியிருக்கிறேன். ஆயினும் இம்முறை அர்ச். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை மீண்டும் படித்தபோது இரண்டு செய்திகள் என் உள்ளத்தில் தைத்தன. அன்னை சென்றது மலைநாட்டிற்கு. அங்கே அவள் தங்கியது ஏறக்குறைய மூன்று திங்கள். விருந்தாளியாகச் சென்று, நலம் விசாரித்து, மறுநாளே அவள் திரும்பிவிடவில்லை. ஆகவே நானும் மலையில் மூன்று திங்கள் தங்குவதென முடிவு செய்து, மஞ்சக்குட்டையில் சிறு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். அது நவம்பர் மாதத் தொடக்கம்.

மஞ்சக்குட்டை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் ஏர்க்காடு இருக்கிறது. ஏரியையும் படகுகளையும் பார்க்க வருவோர் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றனர். மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டங்களும் வேலைக்குச் செல்லும் மக்களுமே மிகுதி. நீர் வண்ணத்தில் எழுதும் எனக்கு அவ்வூரின் பெயரே முதலில் இனித்தது. மஞ்சள் ஒரு வண்ணம், குட்டை என்பது நீர். வண்ணமும் நீரும் சேர்ந்த பெயருடைய ஊரை நீர் வண்ணக்காரன் விரும்பாமல் இருப்பானா?

முதல் மாதம் முழுவதும் தூரிகையை நான் தொடவே இல்லை. நவம்பர் முதல் சனவரி வரை அங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். விடியும்போதே பெண்கள் இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு தோட்டங்களுக்குள் செல்வார்கள். பனி படிந்த காலைகளில் அவர்களின் உருவங்கள் முதலில் தெரிவதில்லை, பேச்சொலிதான் வரும். பின்னர் புடவையின் சிவப்போ பச்சையோ மங்கலாகத் தோன்றும். முகம் எல்லாவற்றிற்கும் பின்னரே தெளியும். ஒரே கிளையில் பச்சைக் காயும், மஞ்சள் நிறம் கொண்டதும், நன்கு பழுத்துச் சிவந்ததும் சேர்ந்தே இருக்கும். அவற்றுள் பழுத்ததை மட்டும் விரல்கள் கண்டு பறிக்கும். பச்சை என்பது ஒரே நிறம் அன்று என்பதை அப்பெண்களின் விரல்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தன. மாலையில் எடை போடும் இடத்தில் அவர்கள் வரிசையாக நிற்கையில், பழச்சாறும் மண்ணும் படிந்து கறுத்துப்போன அக்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இம்மலையின் காப்பிக்கு ஒரு வரலாறு உண்டு. 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் மாவட்டத்தின் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயரே இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர். செடியின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. இன்று அவற்றை அயல்நாட்டுப் பயிர் என்று யாரேனும் சொல்வாரா? வேர் பிடித்த மண்ணின் சாற்றை உண்டு, இம்மலையின் மழைக்குப் பூத்து, இம்மக்களின் கைகளால் பறிக்கப்படுவது இம்மலையின் பயிரே. நம் விசுவாசத்தைப் பற்றியும் இவ்வாறே நினைத்துக்கொண்டேன். விதை வெளியிலிருந்து வந்ததென்றாலும், பூப்பது நம் மண்ணில் அல்லவா?

நான் மேற்கொண்ட பயணங்கள்

புதுக்கோட்டை அருகேயுள்ள சித்தன்னவாசலுக்கு இளமையில் நான் சென்றதுண்டு. 9-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சமணக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்றை எழுதியிருக்கிறார்கள். மீனும், யானையும், எருமையும், பூப்பறிக்கும் மனிதரும் அதில் உண்டு. அதை எழுதியவன் எத்தனை காலைப்பொழுதுகள் ஒரு குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பான் என்ற வியப்பு இன்றளவும் எனக்கு நீங்கவில்லை.

பின்னர் விருத்தாசலம் பக்கத்திலுள்ள கோணான்குப்பம் சென்றேன். 1711-இல் தமிழகம் வந்த வீரமாமுனிவர் அங்கே பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அன்னையின் சுரூபத்தைத் தமிழ்ப் பெண்ணின் உடையில் அமைத்தார் என்பது அவ்வாலயத்தின் மரபு. 1726-இல் நிறைவெய்திய தம் தேம்பாவணியிலும் அம்முனிவர் யூதேயா நாட்டைத் தமிழகத்தின் வயல்களும் பொழில்களும் நிறைந்த நாடாகவே பாடியிருக்கிறார். இத்தாலியில் பிறந்த அத்துறவி தமிழ்க் கண்களால் அன்னையைப் பார்க்க முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அவர் இங்கே தங்கிவிட்டார் என்பதே. சுமார் முப்பத்தாறு ஆண்டுகள் நம் மக்களிடையே வாழ்ந்து, 1747-இல் காலமாகும் வரை அவர் தாய்நாடு திரும்பவில்லை.

ஆனால் என்னை மிகவும் ஆட்கொண்ட பயணம் கோவாவிற்குச் சென்றதே. அங்கே போர்வோரிம் என்னும் இடத்தில் சேசு சபையினர் நடத்தும் சேவியர் வரலாற்று ஆய்வு நிலையத்தில் ஆஞ்செலோ த பொன்செகாவின் ஓவியங்கள் காக்கப்பட்டு வருகின்றன. இவர் 1902-இல் கோவாவின் சாந்து எஸ்தெவாவ் தீவில் வசதியான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுப் பம்பாயில் ஓவியம் பயின்றார். அங்கே கற்பித்த ஐரோப்பிய முறை மனத்திற்கு நிறைவளிக்காததால் வங்காளம் சென்று, அவனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போசிடமும் மாணவரானார். 1930-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பியதும் கன்னிமரியைக் கோவாக் கிராமத்துப் பெண்ணைப்போல் புடவை உடுத்தியவளாக, நம் நிறத்தவளாக எழுதினார். சொந்த ஊரில் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆகவே அவர் பூனாவிலுள்ள கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமத்தில் சென்று தங்கினார். அயல்நாட்டார் அவரது படங்களைப் போற்றினர். வரலாற்றறிஞர் ஹெராஸ் அடிகளார் போன்றோர் ஊக்கம் அளித்தனர். ஊராரின் அங்கீகாரமோ அவர் வாழ்நாளில் போதிய அளவு கிட்டவில்லை. 1967-இல் அவர் காலமானார்.

வங்காள ஓவியர்கள் கையாண்ட முறை ஒன்றை இங்கே கூற வேண்டும். தாளின்மீது வண்ணத்தைத் தீட்டி, அது காய்ந்ததும் தாளையே நீரில் அமிழ்த்துவார்கள். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் வண்ணம் நீரோடு போய்விட, தாளுக்குள் ஊறியது மட்டும் தங்கும். மீண்டும் தீட்டி மீண்டும் நனைப்பார்கள். இவ்வாறு பன்முறை செய்யும்போது, உள்ளிருந்தே ஒளி வருவதுபோன்ற மென்மை படத்திற்கு உண்டாகும். சப்பானிய ஓவியர்களிடம் கண்டதைக் கொண்டு அவனீந்திரநாத் உருவாக்கிய முறை இது. மஞ்சக்குட்டையின் பனியில் நடக்கும்போதெல்லாம் இம்முறை எனக்கு நினைவு வரும். கலைஞனின் உள்ளத்தையும் இறைவன் அவ்வாறே நனைத்தெடுக்கிறார் என்று நான் நம்புகிறேன். பயணங்களில் கண்டவற்றில் பெரும்பகுதி கழுவப்பட்டுப் போகிறது. எஞ்சி நிற்பதே நம்முடையது.

படமும் மறுப்பும்

இரண்டாம் மாதத்தில் தொடங்கிய படம் சனவரி இறுதியில் முடிந்தது. பனி விலகும் தோட்டப் பாதையில் இளம்பெண் ஒருத்தி மேலேறி வருகிறாள். வாசலில் முதிர்ந்த பெண்ணொருத்தி இரு கைகளையும் நீட்டி நிற்கிறாள். இருவரும் மலையில் உழைக்கும் பெண்களின் நிறத்தவர்கள். எலிசபெத்தம்மாளின் கைகள் காப்பிப் பழம் பறித்துக் கறுத்த கைகள்.

ஆலயத்தில் அதை வைப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது மறுப்பும் எழுந்தது. "கூலி வேலை செய்யும் பெண்ணைப்போல் மாதாவை எழுதலாமா?" என்று ஒருவர் சினந்து கேட்டார். தச்சனின் இல்லாளாகிய அன்னை ஆலயத்தில் காணிக்கையாகக் கொடுத்தது ஆட்டுக்குட்டி அன்று, ஏழைகள் கொடுக்கும் இரண்டு புறாக்களே என்று அதே லூக்கா எழுதியிருப்பதை நான் அவருக்கு நினைவூட்டினேன். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் முதிய தாய் ஒருவர் கூறியதற்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல இயலவில்லை. "தம்பி, எங்கள் மாதா நீலப் போர்வை போர்த்திய மாதா. என்னைப் பெற்றவள் கண்மூடும்போது அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் கண்மூடினாள். நீங்கள் எழுதியிருப்பது எங்களோடு வேலைக்கு வரும் பெண். அவளைப் பார்த்து நான் எப்படி அழுவேன்?" என்றார் அவர். முன்னவரின் சொல்லில் இருந்தது வேறு. இத்தாயின் சொல்லில் இருந்தது அன்பு. பிரான்சு நாட்டு வேதபோதகர்கள் கடல் கடந்து கொண்டுவந்த அச்சுரூபங்களின் முன்னே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் சிந்திய கண்ணீர் பொய்க் கண்ணீரா? புதிய ஓவியம் வேண்டுமென்பதற்காக அந்தக் கண்ணீரை அவமதிக்க எந்தக் கலைஞனுக்கும் உரிமை இல்லை. அதேவேளை, தன் முகச்சாயல் இறைவனின் அன்னைக்கு இருக்கத் தகாது என்று உழைக்கும் பெண் ஒருத்தி எண்ணும்படி விட்டுவிடவும் நமக்கு உரிமை இல்லை.

பங்குக்குரு பொறுமையானவர். வாக்கெடுப்பும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்று கூறி, பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய திருநாளன்று, படத்தைச் சிறுவரின் ஞானோபதேச அறையில் வைக்கச் செய்தார். அன்னையின் சந்திப்புத் திருநாளாகிய மே 31 வரை அது அங்கேயே இருக்கட்டும் என்றார். அத்திருநாளுக்கு நான் மீண்டும் மலையேறியபோது, படத்தின் கீழே காட்டுப் பூக்கள் வைக்கப்பட்டிருந்தன. தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களே வழியில் பறித்து வைத்துச் செல்வதாகச் சொன்னார்கள். அந்த முதிய தாயும் வந்து நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கிழவியின் கை என் கைபோல இருக்கிறது" என்றார். பிறகு எழுந்து, பீடத்திலுள்ள நீலப் போர்வை மாதாவிடம் செபமாலை சொல்லச் சென்றுவிட்டார். இன்று அவ்வாலயத்தில் பழைய சுரூபம் பீடத்திலும், புதிய படம் பக்கச் சுவரிலும் இருக்கின்றன.

திருச்சபையின் மனம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கு மட்டுமே உரியதெனக் கொள்ளவில்லை என்று கூறி, எல்லா இனத்தாரின் கலைக்கும் உரிய மதிப்போடு இடமளித்தது. சங்கம் 1965-இல் முடிவுற்றது. அதன்பின் பொன்செகா இரண்டே ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 15-ஆம் நூற்றாண்டில் பிளாரன்சு நகரத் துறவு மடத்தின் சுவர்களில் சித்திரம் எழுதிய சாமிநாதர் சபைத் துறவி பிரா ஆஞ்செலிக்கோவைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1984-இல் கலைஞர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1999-இல் கலைஞர்களுக்கென்றே ஒரு மடலும் வரைந்தார். நம் நாட்டில் கிறிஸ்தவர் அல்லாத கலைஞரும் ஆண்டவரின் திருமுகத்தைத் தேடியிருக்கின்றனர். உலோகத் தகட்டைத் தட்டி வடித்துச் சிற்பி ஜானகிராம் செய்த கிறிஸ்துவின் உருவங்களைக் கண்டோர், அத்தேடலின் ஆழத்தை உணர்வர்.

பெற்றோருக்கு ஒரு சொல்

குழந்தை ஒன்று சுவரிலோ நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலோ படம் எழுதினால் அதட்டாதீர்கள். தாலந்துகளின் உவமையில் ஆண்டவர் கண்டித்தது, பெற்றதை மண்ணில் புதைத்தவனையே. அப்படங்களை எடுத்துப் பார்த்து, "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று கேளுங்கள். ஒரு மரத்தடியிலோ குளக்கரையிலோ அக்குழந்தை சற்றுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். விடுமுறையில் பத்து ஊர்களை ஓடிப் பார்த்து வருவதைவிட, ஓர் ஊரில் பத்து நாட்கள் தங்கி, அங்குள்ளோரின் வேலையையும் பேச்சையும் கவனித்து வருவது நலம்.

மலைநாட்டிற்கு விரைந்த அன்னை அங்கே முதிர்ந்த கருப்பவதிக்குத் துணையிருந்தாள் என்றே திருச்சபை என்றும் தியானித்து வந்திருக்கிறது. நீர் சுமந்ததும், அடுப்பு மூட்டியதும், மூத்தவளின் கைகளுக்கு ஓய்வளித்ததும் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. ஆயினும் நம் ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார்கள் அவற்றை நாள்தோறும் எழுதிக் காட்டுகின்றனர். அதைக் காணும் கண்களை நமக்கும் நம் மக்களுக்கும் இறைவன் அருள்வாராக!